முதல் ஞாயிற்றுச் சாட்சி

ஆரம்பாக்கம்,
23.6.2025

அன்புள்ள ஹெலனுக்கு,

ஆண்டவர் கிருபையில் நானும் ஷைனியும் சுகம். நீ சுகமா என்று வழக்கம்போல எழுத வந்தேன், கை பாதியில் நின்றுவிட்டது. அந்த ஒரு வார்த்தையால்தானே இத்தனை வினை.

போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் நான் கத்துகிறேன், மூன்றாவது நிமிடம் நீ வைத்துவிடுகிறாய். "கடிதாசி போடச் சொல்லு, எழுதும்போதாவது யோசிப்பாரு" என்று நீ சொன்னதாக உன் தங்கை மோனிகா சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் எழுதியதோடு சரி, பேனா பிடிக்கவே கூச்சமாக இருக்கிறது. மில் கேன்டீனில் உட்கார்ந்து எழுதுகிறேன். கூட வேலை செய்கிறவர்கள் லோன் அப்ளிகேஷன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீ கடம்பத்தூர் போய் இன்றோடு இரண்டு வாரம். ஷைனி சோறு வடிக்கிறாள். ஒரு நாள் கஞ்சி, ஒரு நாள் அரிசி. பத்தாம் வகுப்புப் பிள்ளை, அவளை நான் குறை சொல்ல மாட்டேன். சபையில் எல்லோரும் உன்னைக் கேட்கிறார்கள். தங்கை வீட்டுக்கு ஓய்வுக்குப் போயிருக்கிறாள் என்கிறேன். "சுகம்தான் கிடைச்சிடுச்சே, இன்னா ஓய்வு?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். என்ன சொல்வது நான்?

சின்ன விஷயத்தைப் பெரிதாக்காதே ஹெலன். என்று வருகிறாய் என்று எழுது.

உன்,
எபினேசர்

*

கடம்பத்தூர்,
26.6.2025

ஷைனி அப்பாவுக்கு ஹெலன் எழுதுவது.

ஷைனிக்கு என் முத்தங்கள். உங்களுக்கு உண்டா இல்லையா என்பதைக் கடிதத்தின் கடைசியில் பார்க்கலாம்.

இதை மோனிகா வீட்டு பிரிட்ஜ் மேல் காகிதத்தை வைத்து நின்றுகொண்டு எழுதுகிறேன். உட்கார்ந்தால் இருபது நிமிடத்துக்கு மேல் தாங்காது. நின்றாலும் அப்படித்தான். நான்கு வரி எழுதுகிறேன், கொஞ்சம் நடக்கிறேன், மறுபடி வந்து எழுதுகிறேன். அதனால் என் எழுத்தில் கோபம் விட்டு விட்டு வந்தால் அது தணிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

சின்ன விஷயம் என்கிறீர்கள். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், ஒரு தடவையாவது வரிசையாகப் படியுங்கள்.

போன வருஷம் ஏப்ரலில் எனக்கு டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். ஆபரேஷன் வேண்டாம், ஆனால் எடை தூக்கவே கூடாது என்று திருவள்ளூர் டாக்டர் சொன்னார். கம்பெனியில் எட்டு மாதம் கெஞ்சிக் கெஞ்சி செக்கிங் டேபிளுக்கு மாற்றல் வாங்கினேன். கொஞ்ச நேரம் உட்காரலாம், கொஞ்ச நேரம் நிற்கலாம். வலி இருந்தது, ஆனால் வேலையும் இருந்தது.

மே மாதக் கடைசி நாள் வலி தாங்காமல் ஊசி போட்டுக்கொண்டேன். உங்களிடம் சொல்லவில்லை, அது என் தப்பு. சாயந்திரம் கரண்டி கீழே விழுந்தது, குனிந்து எடுத்தேன். நீங்கள் பார்த்தீர்கள். உங்கள் கண் கலங்கியதை நானும் பார்த்தேன்.

மறுநாள் மாதத்தின் முதல் ஞாயிறு, சாட்சி சொல்லும் வேளை. நீங்கள் எழுந்தீர்கள். "என் மனைவிக்கு ஆண்டவர் பூரண சுகம் கொடுத்துட்டாரு" என்றீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? சபையே கை தட்டியது. பக்கத்தில் இருந்த சகோதரி என் கையைப் பிடித்து நாற்காலியிலிருந்து எழுப்பிப் பாயில் உட்கார வைத்தாள். ஒன்றரை மணி நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். உங்கள் முகத்துக்காகச் சிரித்தேன்.

அன்று மூன்றாம் வரிசையில் யார் உட்கார்ந்திருந்தது? என் சூப்பர்வைசர் பென்னி. திங்கட்கிழமை காலை ஷிப்ட்டுக்குப் போனதும், "அக்கா, அதான் ஆண்டவரு சுகம் குட்துட்டாரே, இன்னும் இன்னாத்துக்குச் சேரு? லோடிங்ல ஆள் இல்ல, போங்க" என்றான். அவன் கெட்டவன் இல்லை. நீங்கள் சொன்னதை நம்பினான். வலிக்கிறது என்று நான் சொன்னால் என் புருஷன் சபைக்கு நடுவில் பொய் சொன்னவர் ஆகிவிடுவார். அதனால் தூக்கினேன். ஒரு ட்ரே பதினெட்டு கிலோ, தரையிலிருந்து தூக்க வேண்டும். மூன்று நாள் தாங்கினேன். வியாழக்கிழமை இடது கால் மரத்துப்போய் அங்கேயே விழுந்தேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. எந்த இடத்தில் சொன்னீர்களோ அதே இடத்தில் எழுந்து, அது உண்மை இல்லை என்று சொல்லுங்கள். வருகிற ஜூலை ஆறாம் தேதி முதல் ஞாயிறு. சொல்லிவிட்டால் வருகிறேன்.

முத்தம் இல்லை.

ஹெலன்

*

ஆரம்பாக்கம்,
30.6.2025

ஹெலனுக்கு,

வரிசையாக இரண்டு தடவை படித்தேன். 

நீ விழுந்தது என்னால்தான். அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆண்டவர் சந்நிதியில் சொன்னதை வாபஸ் வாங்க அது என்ன யூனியன் ஸ்டிரைக்கா? சபைக் கமிட்டிக்கு இந்த வருஷம்தான் என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். பதினெட்டு வருஷமாக அந்தச் சபைக்குப் பாய் விரித்தவன் நான். எழுந்து பொய் சொன்னேன் என்று சொன்னால் எனக்கு அங்கே என்ன முகம் இருக்கும்?

நான் ஒரு வழி சொல்கிறேன். பென்னியை டீக்கடையில் தனியாகப் பார்த்துச் சொல்லிவிடுகிறேன், அவன் புரிந்துகொள்வான். இல்லையென்றால் நீ வேலையையே விட்டுவிடு. வீட்டில் படுத்திரு, நான் பார்த்துக்கொள்கிறேன். எளாவூரில் ஒருவர் முதுகில் ஏறி மிதித்துச் சரி பண்ணுகிறாராம், லாரி டிரைவர்கள் எல்லாம் அவரிடம்தான் போகிறார்கள். போய்ப் பார்க்கலாமா?

துணி துவைக்கும் கல்லைச் செங்கல் வைத்து இடுப்பு உயரத்துக்கு ஏற்றிக் கட்டியிருக்கிறேன். ஷைனிதான் சிமென்ட் குழைத்தாள். இனி நீ குனிய வேண்டாம்.

எபினேசர்

*

கடம்பத்தூர்,
3.7.2025

ஷைனி அப்பாவுக்கு,

கல்லை உயர்த்திக் கட்டியதற்கு மனசார நன்றி. பதினான்கு மாதத்தில் என் இடுப்புக்காக யாராவது செய்த முதல் உருப்படியான காரியம் அதுதான். குழந்தையின் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள், சிமென்ட் தோலை அரித்துவிடும்.

மற்றதற்குப் பதில். எளாவூர்க்காரர் வேண்டாம். மிதிப்பதற்கு வெளியில் ஆள் தேட வேண்டுமா, வீட்டிலேயே இருக்கிறீர்களே? வேலையை விட மாட்டேன். படுத்தால் வலி இன்னும் கூடுகிறது. வலி வந்ததிலிருந்து நான் கற்றுக்கொண்ட ஒரே பாடம் அது. இங்கே காலையில் எக்ஸர்சைஸ் செய்கிறேன். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் மேலே தூக்க வேண்டும். முதல் நாள் இரண்டு தடவைகூட முடியவில்லை, அழுதேன். இன்று எட்டு. சாயந்திரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடக்கிறேன். அரக்கோணம் வண்டிக்கு நிற்கிறவர்கள் நான் யாரையோ தேடுகிறேன் என்று நினைக்கிறார்கள்.

பென்னியிடம் தனியாகச் சொல்லவும் வேண்டாம். ஏன் என்று கேளுங்கள். நேற்று பூவம்மாள் அக்கா போன் பண்ணினாள். சபையைப் பெருக்குகிறாளே, அவளுக்கும் இரண்டு வருஷமாக முதுகு வலி, ஜி.எச். மாத்திரையில்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். "ஹெலனு, உனக்குக் கெடச்ச மாரி எனக்கும் கெடைக்கும்னு மாத்திரைய நிறுத்திட்டேன். ஒரு மாசமாவுது. வெளக்கமாறு புடிக்க முடில. எனக்கு விசுவாசம் பத்தலியா?" என்று அழுகிறாள். எனக்குச் சுகமாகவில்லை அக்கா, அது ஊசி என்றேன். நம்பவில்லை. "உங்கூட்டுக்காரரே எய்ந்து சொன்னாரே, அவரு பொய் சொல்ற ஆளா?" என்கிறாள்.

முழுப் பூசணிக்காயை நாம் இரண்டு பேரும் சேர்ந்து சோற்றில் மறைத்தோம். நான் சிரித்து மறைத்தேன். இப்போது அதை அவள் சாப்பிடுகிறாள். உங்கள் முகத்தைப் பற்றி எழுதினீர்கள். அவள் முதுகைப் பற்றி யோசியுங்கள்.

ஹெலன்

*

ஆரம்பாக்கம்,
7.7.2025

ஹெலன்,

நேற்று எழுந்தேன். பாஸ்டர் "சொல்லுங்க பிரதர்" என்றார். வாயைத் திறந்தேன். "ஸ்தோத்திரம்" என்று மட்டும்தான் வந்தது. எல்லோரும் "அல்லேலூயா" என்றார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

ஷைனி என்னோடு பேசவில்லை.

அன்று என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று எழுதினாய் அல்லவா? நீ பக்கத்தில் படுத்து, புரள முடியாமல், சத்தம் வராமல் பல்லைக் கடிப்பாய். நான் தூங்குவதுபோல் படுத்திருப்பேன். என்ன செய்வதென்று தெரியாது. ஒரு வருஷம் அப்படிப் படுத்திருந்தேன். நீ குனிந்து அந்தக் கரண்டியை எடுத்ததும் எனக்கு வேண்டியிருந்தது வந்துவிட்டது என்று நம்பிவிட்டேன். உன்னைக் கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லிவிடுவாயோ என்று பயம். அதனால்தான் கேட்கவில்லை.

என்னால் முடியவில்லை ஹெலன்.

எபினேசர்

*

கடம்பத்தூர்,
11.7.2025

அன்புள்ள ஷைனி அப்பாவுக்கு,

நீங்கள் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். தூங்கினால் குறட்டை விடுவீர்களே.

இதையெல்லாம் நீங்கள் என்னிடம் முன்பே சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்கலாம். உங்கள் கடிதத்தைப் படித்து இப்போது நான் தனியாக அழ வேண்டியிருந்தது, மோனிகா வலி கூடிவிட்டது என்று பயந்து ஆட்டோ கூப்பிடப் போய்விட்டாள்.

ஆனால் என் பேச்சில் மாற்றம் இல்லை. முடியவில்லை என்கிறீர்கள். எனக்கும் இடுப்பைத் தூக்க முதல் நாள் முடியவில்லை. இன்று பன்னிரண்டு. என் வலியை நான் பார்த்துக்கொள்கிறேன், அதை எடுத்துவிட வேண்டும் என்று நீங்கள் தவிக்க வேண்டாம். அது என்னோடு இருக்கும் போலிருக்கிறது, நானும் அதோடு இருந்து பழகுகிறேன். எனக்கு வலிக்கிறது என்பதை நாலு பேர் அறிய நான் சொல்லக்கூடிய வீடு ஒன்று வேண்டும். அந்த வீடு இல்லையென்றால், மோனிகா மாடியில் ஒரு ரூம் காலியாக இருக்கிறது, ஷைனிக்கும் இங்கே பள்ளிக்கூடம் உண்டு. பயமுறுத்தவில்லை. யோசித்துத்தான் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் மூன்று அடுத்த முதல் ஞாயிறு. அதுவரை கடிதம் வேண்டாம். பூவம்மாள் அக்காவை மட்டும் ஷைனி போய் எட்டிப் பார்த்து வரட்டும்.

ஹெலன்

*

ஆரம்பாக்கம்,
3.8.2025, மதியம்

அன்புள்ள ஹெலனுக்கு,

சபையிலிருந்து வந்து சட்டைகூட மாற்றாமல் எழுதுகிறேன்.

இந்த முறை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். ஆனால் எழுந்ததும் காகிதத்தை மறுபடி மடித்துவிட்டேன். சட்டைப் பையில் வைத்துவிட்டு வாயில் வந்ததைச் சொன்னேன். "ஜூன் மாசம் இங்க நின்னுக்கினு ஒரு சாட்சி சொன்னேன். அது தப்பு. எங்கூட்டம்மாவுக்கு சுகம் ஆவல. ஊசி போட்டுக்கினு ஒரு கரண்டிய எடுத்தாங்க, அத்தப் பாத்துட்டு நான் ஆசையில சொல்லிட்டேன். அவுங்களக் கேக்கவே இல்ல. அந்தப் பேச்சால அவுங்க வெயிட்டு தூக்கி வுயுந்தாங்க. ஆண்டவர் பேர்ல நான் சொன்னது பொய். என்ன மன்னிச்சிடுங்க" என்றேன்.

பென்னி தலையைக் குனிந்துகொண்டான். கமிட்டி ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது பின்னாலிருந்து பூவம்மாள் அக்கா கேட்டாள்: "அப்ப நானு மாத்திரையப் போட்டுக்கலாமா பாஸ்டரு?"

"இன்னிக்கே போடுங்கம்மா. மாத்திரையும் அவர் குடுத்ததுதான்" என்றார் பாஸ்டர்.

அதோடு முடியும் என்றுதான் நினைத்தேன். பெண்கள் பக்கம் சரசரவென்று சத்தம். திரும்பிப் பார்த்தால், பாயில் உட்கார்ந்திருந்த நான்கு பேர் எழுந்து பின்னால் போய் நாற்காலி எடுத்து வருகிறார்கள். ஒருத்தி முட்டியைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு. இத்தனை நாள் எப்படி உட்கார்ந்திருந்தார்கள் ஹெலன்? எனக்கு அவமானமாக இருந்தது, நான் சொன்னதற்கு அல்ல, இத்தனை வருஷம் பார்க்காமல் இருந்ததற்கு.

கமிட்டியில் என் பெயரை என்ன செய்வார்களோ தெரியாது. கேட்கவும் இல்லை. ஷைனி வீடு வரைக்கும் என் கையை விடவில்லை.

நீ வந்தாலும் வராவிட்டாலும் சொன்னது சொன்னதுதான்.

எபினேசர்

*

கடம்பத்தூர்,
6.8.2025

என் அன்புக்குரிய எபினேசருக்கு,

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உங்களைப் பெயர் சொல்லி எழுதுவது இதுதான் முதல் தடவை. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் எழுதியதையெல்லாம் பூவம்மாள் அக்கா ஞாயிற்றுக்கிழமையே போனில் சொல்லிவிட்டாள். "உங்கூட்டுக்காரு கால் எப்டி ஆடிச்சி தெரியுமா" என்றாள். ஆடிய காலோடு நின்றீர்களே, அது போதும் எனக்கு. பென்னியும் பேசினான். "அக்கா, தெரியாம பண்ட்டேன்" என்றான். திங்கட்கிழமை டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு நானே ஆபீஸுக்குப் போய்ப் பேசப்போகிறேன். செக்கிங் டேபிள் கொடுத்தால் சரி. கொடுக்காவிட்டால் சிப்காட்டில் வேறு கம்பெனிக் கதவைத் தட்டுவேன். நீங்கள் கூட வர வேண்டாம், பேச வேண்டியது என் இடுப்பு.

வலி குறைந்துவிட்டது என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். நேற்று இருபது தடவை செய்தேன், இன்று காலையில் எழுந்திருக்கவே அரை மணி ஆனது. நல்ல நாள் வரும், கெட்ட நாளும் வரும். கெட்ட நாளில் வாய்விட்டுக் கத்துவேன், நீங்கள் தூங்குவதுபோல் படுத்திருக்கக் கூடாது.

வருகிற ஞாயிறு மதிய வண்டியில் வருகிறேன். சபை விடுகிற நேரம், ஸ்டேஷன் ரோட்டில் நம் ஆட்கள் எல்லோரும் இருப்பார்கள். ஒரே ஒரு பைதான், மோனிகா மாங்காய் ஊறுகாய் போட்டுக் கனமாக்கிவிட்டாள். அதை நீங்கள்தான் தூக்கி வர வேண்டும். நான் கையை வீசிக்கொண்டு உங்கள் பக்கத்தில் நடந்து வருவேன், எல்லோரும் பார்க்கட்டும்.

முத்தங்களுடன்,
உங்கள் ஹெலன்