முடியாது என்று சொல்வது

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அம்மா இரவில் சரியாகத் தூங்குகிறாளா? நான் நலம். இன்னும் ஒரு வருஷம் இங்கேயே வேலையில் இருக்கச் சொல்லி எழுதியிருந்தீர்கள்.

இதுவரை செய்யாதவற்றைச் செய்துபார்க்க ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன். நீச்சல், மூக்கில் தண்ணீர் ஏறியதோடு சரி. நேற்று செய்துபார்த்தது, ‘முடியாது என்று சொல்வது’.

சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர் அடுத்த ஷிப்டும் பார்க்கச் சொன்னார். “முடியாதுண்ணே” என்றேன்.

என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். “காய்ச்சல்கூட இல்லையே. நீயாடா பேசுறே? போ, போய்ப் படு.”

சட்டைகூட மாற்றாமல் தூங்கினேன். எழுந்தபோது தெரிந்தது, அவரிடம் சொன்னது ஒத்திகைதான்.

அப்பா, இன்னும் ஒரு வருஷம் என்னால் முடியாது.

பதிலை எழுதாதீர்கள், போனில் பேசிப் பதிவுசெய்து அனுப்புங்கள், உங்கள் குரலைக் கேட்க வேண்டும். திட்டுவதாக இருந்தாலும் சரி. வேலைக்குப் போகும் வேன் வந்துவிட்டது.

உங்கள் மகன்