பிள்ளையின் தேவைக்கு மட்டும்

குட்டியின் அப்பாவுக்கு,

கோபத்தில் எழுதவில்லை. கோபமெல்லாம் போன வருடமே ஆறிவிட்டது.

குட்டிக்கு வரும் மாற்றுத்திறனாளி உதவித்தொகையை அவளுக்காக வாங்கிச் செலவழிப்பவள் நான் என்பதால், வருடா வருடம் ரசீதுகளோடு போய்க் கணக்குக் காட்ட வேண்டும். இந்த முறை அதிகாரியம்மா ஒரு ரசீதைத் தனியே எடுத்து வைத்தார்.

"ஆம்பளச் சட்டை வாங்கியிருக்கீங்களே, யாருக்கு?"

"அவ அப்பாவுக்குங்க. கடையில சட்டையப் புடிச்சவ விடவே மாட்டேன்னுட்டா."

"இந்தப் பணம் பிள்ளையோட தேவைக்கு மட்டும்தாம்மா."

எனக்குச் சுருக்கென்றது. "அப்பாவும் அவ தேவைதாங்க. அத எந்தக் கடையில வாங்குறது?" என்றேன்.

அவர் சக்கர நாற்காலியைப் பார்த்தார். குட்டியின் மடியில் அந்தச் சட்டை இருந்தது. ரசீதில் முத்திரை குத்திவிட்டார்.

துவைக்கக்கூடத் தர மாட்டேன் என்கிறாள். நிறம் அவள் எடுத்தது. அளவு மட்டும் நான் சொன்னது. இப்போது இளைத்துவிட்டீர்களோ என்னவோ. பொருந்தாவிட்டால் மாற்றித் தருவார்களாம். ஆனால் போடுகிற ஆள் நேரில் வர வேண்டுமாம்.

கடைக்காரர் அப்படிச் சொல்லவில்லை. நான்தான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் கணக்குப்பிள்ளை