சட்டைப்பையில் இருந்த டோக்கன்

என் வீட்டுக்காரரும் எங்க தையல் லைன் சூப்பர்வைசருமான உங்களுக்கு,

நம்ம லைன்லதான் எல்லாரும் ரொம்ப சந்தோஷமா வேலை செய்றாங்கன்னு கம்பெனியில குடுத்த கேடயத்தை டிவி மேலயே விட்டுட்டு வந்திருக்கேன். நீங்களே பக்கத்துல நின்னு ஃபார்ம் வாங்கினா, நாப்பது பொம்பளைங்களும் 'ரொம்பத் திருப்தி'ன்னுதான் டிக் போடுவாங்க. நானும் போட்டேன்.

பாத்ரூம் போக லைனுக்கே ஒரு டோக்கன். உங்களுக்கு முன்னாடி சூப்பர்வைசரா இருந்த மெர்சி அக்கா வாய் ஓயாம திட்டுவாங்க. ஆனா டோக்கனை ஆணியில மாட்டி வெச்சிருந்தாங்க, யாரும் கேட்டு வாங்கினதில்ல. நீங்க அதைச் சட்டைப்பையில போட்டுக்கிட்டு, கேக்க வர்றவங்களைப் பத்து நிமிஷம் நிக்க வெச்சுச் சிரிக்கிறீங்க. இதுல பெரிய லீடர்னு பேரு வேற.

நீர்க்கடுப்புன்னு போனப்ப, தண்ணியே குடிக்க மாட்டியான்னு டாக்டரம்மா கேட்டாங்க. காரணம் என் புருஷன்னு சொல்ல அசிங்கமா இருந்துச்சு.

விரிஞ்சிபுரத்துல அம்மா வீட்லதான் இருக்கேன். சட்டை துவைக்கறப்ப எடுத்த டோக்கன் என்கிட்ட இருக்கு. அது இல்லாததால இன்னைக்கு எல்லாரும் கேக்காமலே போய்ட்டு வந்தாங்கன்னு பக்கத்து மிஷின் ஹேமலதா போன்ல சொன்னா.

வேணும்னா வாங்க. தெருவுல எல்லார் எதிர்லயும் நின்னு கேளுங்க. பத்து நிமிஷம் கழிச்சு யோசிக்கிறேன்.

இப்படிக்கு,
லைன்ல நீங்க கூப்பிடற அதே பேர்ல,
பதினாலாம் நம்பர் மிஷின்