நான் சொல்லாமல் விட்ட பிழை

இன்று காலை தென்காசி ரதவீதியில் ஓர் அச்சகத்தைக் கடந்தபோது ஈர மையின் வாசம் வந்தது. கால் நின்றுவிட்டது. ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் மொழிக்குப் பாடமென்று பம்பாயிலிருந்து உன் அண்ணன் அனுப்பிய சைக்ளோஸ்டைல் தாள்களில் இதே வாசம்தான் இருந்தது. நீ போய் மூன்று மாதமாகிறது. துக்கத்துக்கு வந்தவர்களிடம் நம் சிநேகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். இதை மட்டும் சொல்லவில்லை.

அறுபதுகளின் கடைசி. இருவரும் கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் இருந்தோம். கம்ப்யூட்டரை நாம் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. ஆனாலும் ஞாயிறுதோறும் குற்றாலத்தில் உங்கள் அப்பாவின் பழக்கடைக்குப் போவோம். சீசன் முடிந்து கடை ஓய்ந்திருக்கும். காலிப் பெட்டிகளில் நீ சாக்பீஸால் ஆங்கில எழுத்துகளை எழுதுவாய். ஒவ்வொரு பெட்டியும் மெஷினுக்குள் ஓர் எண் தங்கும் இடம். நீ கட்டளைகளை வாசிக்க, நான் கொய்யாப் பழங்களை எடுத்துப் பெட்டி மாற்றுவேன். ஆங்கிலத்தில் 'ஐ' முதல் 'என்' வரையுள்ள எழுத்தில் தொடங்கும் பெயர் முழு எண்ணுக்கு மட்டும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. ஒரு பழத்தை நறுக்கிப் பாதியை நீட்டினாய்.

"இது ஐ பெட்டிக்குள்ள நிக்காது. முழுப் பழந்தான் நிக்கும். மெஷின் நம்ம மனசப் பாக்காதுட்டி, எழுதினதத்தான் பாக்கும்."

அந்த வருஷம் பம்பாய்க் கம்பெனி ஒன்று புரோகிராம் எழுத ஆள் கேட்டு விளம்பரம் செய்தது. இடம் ஒன்றுதான். ஒரு மாத மழையளவின் சராசரியைக் காணும் புரோகிராமை எழுதித் தபாலில் அனுப்ப வேண்டும். தபாலாபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து தாள்களை மாற்றிக்கொண்டோம். என்னுடையதில் ஒரு காற்புள்ளி விட்டுப்போனதை நீ காட்டினாய்; திருத்திக்கொண்டேன். உன் தாளில் சராசரிக்கு, அதன் ஆங்கிலச் சொல்லான 'மீன்' என்பதையே பெயராக வைத்திருந்தாய். 'எம்' எழுத்தில் தொடங்கும் பெயர்; முழு எண்தான் நிற்கும். தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணெல்லாம் உதிர்ந்துபோகும். எனக்குக் கற்றுக்கொடுத்ததை நீயே மறந்திருந்தாய்.

"ஏட்டி, சரியா இருக்கா?" என்றாய். தலையாட்டினேன். உன் உறையை வாங்கி ஒட்டியதும் நான்தான்.

நான் பம்பாய் போனேன். நீ அச்சன்புதூரில் கணக்கு டீச்சரானாய். முதல் லீவில் நான் ஊருக்கு வந்தபோது, கம்பெனி திருப்பி அனுப்பிய தாளைக் காட்டினாய். அந்தப் பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"ஒங்கண்ணுல படலியா?" என்று மெதுவாகக் கேட்டாய்.

"கவனிக்கலட்டி" என்றேன்.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு, "போட்டும், காப்பி ஆறுது" என்று தம்ளரை நகர்த்தினாய். சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் மகள் கல்யாணத்துக்கு முதல் ஆளாய் வந்து பந்தி பரிமாறினாய். உன் கையால் இலையில் விழுந்ததை அப்படியே வைத்து இலையை மூடினேன்.

ஆபீசில் அடுத்தவர் எழுதியதில் பிழை பார்ப்பதே என் வேலையாயிற்று. கூர்மையான கண் என்று புகழ்ந்தார்கள். புகழும்போதெல்லாம் எனக்குக் காது சுட்டது. வேலையை விட்டு இத்தனை வருஷமாகியும் அந்தச் சூடு ஆறவில்லை.

நீ உயிரோடு இருந்தபோது சொல்லத் துணியாததை இப்போது எழுதுகிறேன். நான் கவனிக்காமல் இல்லை. பார்த்தேன். சந்தேகம் தீர இன்னொரு தடவையும் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் தலையாட்டினேன்.