ஒட்டகம் குடிக்கும்வரை பட்டாளம் நின்றது

சினாய்ப் பாலைவனம்

அன்புள்ள நபவிய்யாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இதை உனக்குப் படித்துச் சொல்லும் ஷேக் அவர்களுக்கும் என் சலாம். நீயும் பிள்ளைகளும் எருமையும் சுகமா? நான் கல்லுப் போல இருக்கிறேன்.

போன வாரம் ஒரு கூத்து. துருக்கியரின் கிணறுகளைப் பிடிக்க வெள்ளைக்காரப் பட்டாளம் கிளம்பியது. மூன்று நாள் வழிக்குத் தண்ணீர் சுமப்பவை எங்கள் ஐந்நூறு ஒட்டகங்கள். எதிரிக்குக் கேட்டுவிடும் என்று கேப்டன் எங்களை வாய் திறக்கவே விடவில்லை. பாட்டில்லாமல் நம் ஒட்டகம் எங்கே குடிக்கும்? ஐந்நூறும் தொட்டியை முறைத்துக்கொண்டு நின்றன. குடிக்காத ஒட்டகம் நடுவழியில் படுத்தால் அத்தனை பேரும் தாகத்தில் சாகவேண்டியதுதான். அதனால் பீரங்கி பூட்டிய பட்டாளம் ஒரு பகல் முழுக்க அசையவில்லை.

"என்னய்யா ஆச்சு இதுங்களுக்கு?" என்று கத்தினார் கேப்டன்.

"பாட விடுங்க தொரை, இப்பக் குடிக்கும்" என்றேன்.

"பாடித் தொலைங்க!"

நான் எடுத்துக் கொடுத்தேன், எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். ஒட்டகங்கள் குடித்தன, பட்டாளம் நகர்ந்தது, கிணறுகளும் கைக்கு வந்தன. வீட்டில்தான் என் பேச்சை யாரும் கேட்பதில்லை!

நீ சுட்ட ரொட்டியைக் காயவைத்து அனுப்பு. உன் பழைய முக்காடு ஒன்றும் வை. ஒட்டகத்தின் முதுகுப் புண்ணுக்குக் கட்டத்தான்.

மூட்டை ஏற்றக் கூப்பிடுகிறார்கள். பாட்டில் யார் பேரை வைத்துப் பாடினாய் என்று கேட்பாய். ஷேக் படிக்கிறாரே, எப்படி எழுதுவேன்? இங்கே ஐந்நூறு ஒட்டகத்துக்கும் அந்தப் பேர் தெரியும்.

உன் கலஃப்