படம் முடிந்த பிறகு வந்த பெயர்கள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். அவளுக்கு முழங்காலும் எனக்கு வாயும் எப்போதும் போலத்தான், இரண்டுக்கும் மருந்து இல்லை. நீயும் சுகமாக இருக்கிறாய், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன். தினமும் போனில் பேசுகிற அப்பா எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தார் என்று நினைப்பாய். புதன்கிழமை நீ கூப்பிட்டு, என் பேர் திரையில வந்துச்சா, அம்மா பாத்தாங்களா என்று கேட்டாய். வந்தது, பார்த்தாள் என்று சொன்னேன். அது பொய். அதை வாயால் திருத்த எனக்குத் தைரியம் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் உலக சினிமா ஆய்வு வாரம் என்று ஒரு கூத்து நடந்தது உனக்குத் தெரியும். ஐந்து நாள், ஐந்து நாட்டுப் படம், பண்பாடுகளை இணைக்கும் பாலமாம். பாலம் கட்டியவர்களின் லட்சணத்தைக் கேள். வாசலில் கட்டிய பேனரில் துறைத்தலைவரின் முகம் ஆள் உயரத்துக்கு இருந்தது, படங்களின் பெயரைப் படிக்க வேண்டுமானால் குனிய வேண்டும். ஒன்றரை மணி நேரப் படத்துக்கு ஒரு மணி நேரம் வரவேற்புரை. முதல் நாள் வந்த சிறப்பு விருந்தினர் போன வருடம் வேறொரு கல்லூரியில் பேசியதை அப்படியே எடுத்து வந்து, அந்தக் கல்லூரியின் பெயரையும் சேர்த்தே வாசித்துவிட்டுப் போனார். ஒருவருக்கும் உறைக்கவில்லை, கைதட்டினார்கள். மாணவர்களோ வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட கையோடு பின்கதவு வழியாகக் கம்பி நீட்டினார்கள், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தப்பிக்க வழி இல்லாதவன் மேலே படம் ஓட்டுகிற ஆபரேட்டர் அறையில் மாட்டிக்கொண்ட நான் ஒருவன்தான்.

மூன்றாம் நாள் நீ தமிழில் சப்டைட்டில் வரிகள் எழுதிய படம். உன் அம்மாவைப் பற்றி உனக்கே தெரியும், ஊர் பேர் தெரியாதவன் பேசுறதுக்கு இவ எதுக்குக் கீழே எழுதிட்டு உக்காரணும், அதெல்லாம் ஒரு வேலையா என்று மூன்று வருடமாக முனகிக்கொண்டிருந்தவள். நான் இந்த வேலையில் சேர்ந்து முப்பத்தொரு வருடம், ஒருநாள்கூட அந்த அரங்கத்தில் அவள் கால் வைத்ததில்லை. அவளைக் கெஞ்சி, கடைசியில் நம் மகள் பெயர் வரும், எழுத்து ஓடுவதை நான் உனக்குக் காட்டுகிறேன் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லி அழைத்து வந்தேன். நல்ல புடவை கட்டி, கண்ணாடியை மூன்று தடவை துடைத்து, மூன்றாவது வரிசையில் நடுவில் உட்கார்ந்தாள்.

படம் நன்றாக இருந்தது, பொய் சொல்லவில்லை. டிப்போவில் பஸ் கழுவுகிற அந்த அம்மாள், இருபது வருடம் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் வாசலில் வந்து நிற்கும்போது அவள் பாஷையில் என்னவோ சொல்கிறாள், கீழே நீ சாப்ட்டுட்டாவது போ என்று போட்டிருந்தாய். உன் அம்மாவின் கை முந்தானைக்குப் போனதை நான் மேலேயிருந்து சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்புறம் படம் முடிந்தது, பெயர்கள் மேலே ஏற ஆரம்பித்தன. இந்த இடத்தில் துறைத்தலைவரைத் திட்டி எழுத எனக்குக் கொள்ளை ஆசை. பெயர் ஓட ஆரம்பித்தால் அவர் ஜன்னலைப் பார்த்துக் கையைத் தூக்குவார், நான் படத்தை நிறுத்தி விளக்கைப் போடுவேன், அவருக்கு முன்னால் இருந்தவர்கள் காலத்திலும் அதுதான் நடைமுறை. ஆனால் அன்றைக்கு அவர் கையைத் தூக்கவில்லை, முன்வரிசையில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். நிறுத்தியது நான்தான். யாரும் கேட்காமலே, யோசிக்காமலே, என் கை பழக்கத்தில் போய் நிறுத்திவிட்டது. நாலே பெயர் ஓடியிருக்கும். விளக்கு எரிந்ததும் உன் அம்மா எழுந்து, திரும்பி, என் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தை நான் எப்படி எழுதுவேன்.

விளக்கு பட்டு விழித்துக்கொண்ட துறைத்தலைவர் நேராக மைக்கிடம் போய், இந்தப் படத்தைப் புரிந்துகொள்ள நமக்கு மொழியே தேவைப்படவில்லை பார்த்தீர்களா, சினிமா மொழிகளைக் கடந்தது என்றார். அரங்கம் மொத்தமும் ஒன்றரை மணி நேரம் உன் வரிகளைத்தானம்மா படித்துக்கொண்டிருந்தது. அதன் மேல் இரண்டு மணி நேரம் கலந்துரையாடல். அவர்கள் கலைவதற்குள், ஒரு காட்சிக்குத்தான் அனுமதி என்று விநியோகக் கம்பெனி ஆள் வந்து படத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான். பெயர் ஓடுகிற இடத்தை மட்டும் இன்னொரு தடவை போட்டுக்கொள்கிறேன் என்று நான் எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன்.

மறுநாள் உன் அம்மா நான் கூப்பிடாமலே கிளம்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்றைக்கும் அதற்கடுத்த நாளும் பெயர்களைக் கடைசி வரை ஓடவிட்டேன். துறைத்தலைவர் கையைத் தூக்கினார், ஆட்டினார், பிறகு மூச்சிரைக்கப் படியேறி வந்து கதவைத் தட்டினார், நான் திறக்கவில்லை. அவருடைய பேச்சில் ஐந்து நிமிடம் குறைந்துபோயிற்றாம், விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது. பல்கலைக்கழகமே அதற்காக எனக்குப் பரிசு தரலாம். உன் அம்மா மட்டும் அசையாமல், ஒரு எழுத்தும் புரியாத அந்தப் பெயர்களை வெள்ளைத் திரை வரும்வரை பார்த்தாள். யாரோ பெத்த பிள்ளைங்க என்றாள்.

மெமோவுக்கு என்ன பதில் எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை, உனக்கு எழுதுவதுதான் முதல் என்று தோன்றியது. கோபித்துக்கொள், ஆனால் அம்மாவிடம் போனில் பேசாமல் இருந்துவிடாதே. அவ அடுத்த படம் எப்ப வருதுன்னு கேளுங்க, ஆனா அன்னிக்கு மிஷின்கிட்ட வேற ஆள் இருக்கணும் என்கிறாள் அவள். கண்ணுக்கு ஓய்வு கொடு, குளிரில் தலைக்குத் துணி இல்லாமல் வெளியே போகாதே. நீ எழுதுகிற ஒவ்வொரு வரியும் நல்லபடியாகப் போய்ச் சேரட்டும், உன்னை எந்தக் குறையும் அண்டாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
முப்பத்தொரு வருடம் ஊரார் பிள்ளைகளின் பெயரையெல்லாம் நிறுத்தி, கடைசியில் உன் பெயரையும் நிறுத்திய
உன் அப்பா