லில்லி அக்காவின் பெயரில் திறக்கும் வார்டு

டியூட்டிக்கு ஓடுகிற அவசரத்திலும் எனக்கு இரண்டு சப்பாத்தி சுருட்டி வைத்துவிட்டுப் போகும் என் லில்லி அக்காவுக்கு,

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. கோல் மார்க்கெட் வீட்டில் உன் கட்டில் முழுக்க இப்போது என் துணிதான் கிடக்கிறது. திட்ட ஆளில்லை. அது கிடக்கட்டும், இன்று எழுதுவது வேலை விஷயம்.

உன் ஆஸ்பத்திரிக்குப் புது மென்பொருள் வருகிறது. பில், மருந்துக் கடை, ஸ்டோர், வார்டு எல்லாம் ஒன்றாக ஓடப்போகிறது. அதற்கு எவ்வளவு பெரிய சர்வர் வேண்டும் என்று கணக்குப் போடுவது எங்கள் கம்பெனி, அதாவது நான். சிறியதாக வாங்கினால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? "ஒங்க கம்ப்யூட்டர் சுத்திக்கிட்டே கெடக்கு. அதுக்குள்ள நான் ரெண்டு பேருக்கு ஊசி போட்டுட்டு வந்துருவேன், பாத்துக்க" என்று என்னை எத்தனை நாள் வறுத்தெடுத்திருக்கிறாய். வார்டில் பதிவு ஏறாவிட்டால் மருந்துக் கடையில் மருந்து தர மாட்டார்கள். நோயாளி காத்துக் கிடப்பார்.

பழைய சிஸ்டத்தைப் பார்த்தால், ஒரே நேரத்தில் உள்ளே இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். என் மேனேஜர் மெஹ்ரா சாருக்கு ஒரே சந்தோஷம். "அச்சா, சின்ன சர்வரே போதும். ஜல்தி கையெழுத்துப் போடு" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் இவ்வளவு பேர்தானா? காலையில் டியூட்டி மாறும் நேரமாகப் பார்த்து உன் வார்டுக்கே போனேன்.

உன்னோடு ஒரே ஷிப்டில் இருந்த ஸ்டெல்லா கம்ப்யூட்டரைத் திறந்தாள். உன் பெயரை அடித்தாள். உன் கடவுச்சொல்லையும் அடித்தாள். பிறகு ஒவ்வொரு நர்ஸாக வந்து, அதிலேயே தட்டிவிட்டுப் போனார்கள். ஆபீஸில் உன் சம்பளக் கணக்கையெல்லாம் முடித்தவர்களுக்கு, கம்ப்யூட்டரில் உன் பெயரை மூட மட்டும் தோன்றவில்லை.

"தனித்தனியா தொறந்தா நின்னு போயிடுது எஸ்தர். அதனால மொதல்ல வர்றவங்க பேர்லயே ஓட்டிடுவோம். அப்பல்லாம் மொதல்ல வர்றது எப்பவும் லில்லி சிஸ்டர்தானே?" என்றாள் ஸ்டெல்லா. பிறகு குரலைத் தாழ்த்தி, "அவங்க பேர்ல தொறந்தா அன்னைக்கு டியூட்டி நல்லா போவுதுன்னு ஒரு இது. மாத்த மனசு வரல" என்றாள்.

படிக்கட்டில் போய் நின்று அழுதேன், அக்கா. அழுது முடித்ததும் கோபம் வந்தது. நீ இல்லாத வார்டில் உன் பெயரில் மருந்து போகிறது. நாளை ஒரு ஊசி தவறினால் பதில் சொல்ல நீ எங்கே வருவாய்?

மற்ற வார்டுகளிலும் இதே கதைதான். ஒரு ஆள் என்று நாங்கள் எண்ணியது ஒரு முழு வார்டு. மெஹ்ரா சாரிடம் சொன்னேன். "நர்ஸுங்க தப்புக்கு நாம ஏன் பெரிய சர்வர் கேக்கணும்? அவங்களுக்கு மெமோ குடுக்கச் சொல்லு" என்றார்.

"தப்பு அவங்க மேல இல்ல சார். மெஷின் நின்னுச்சு, அவங்க வேலைய நிறுத்தல. எல்லாரும் அவங்கவங்க பேர்ல ஒரே நேரத்துல உள்ள போகட்டும். அது தாங்கினா கையெழுத்துப் போடறேன்" என்றேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன்.

சோதித்தார்கள். சின்ன சர்வர் டீ வருவதற்குள் படுத்துவிட்டது. மெஹ்ரா சார் பெரியதற்கு எழுதச் சொன்னார். மெமோ பேச்சை அதன் பிறகு எடுக்கவே இல்லை.

திங்கட்கிழமை புது சிஸ்டம் தொடங்குகிறது. அதற்கு முன் பழைய பெயர்களை மூட வேண்டும். "லில்லி சிஸ்டர் பேரு மட்டும் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே" என்று ஸ்டெல்லா கேட்டாள். முடியாது என்றேன்.

உன் பெயரை வேறு யாரும் தொட விடமாட்டேன், நானே மூடுவேன். திங்கட்கிழமை காலை உன் வார்டில்தான் நிற்பேன். ஒவ்வொருத்தியும் தன் பெயரில் உள்ளே போகும்வரை அந்த மெஷினை நிற்க விடமாட்டேன். உன் டியூட்டி முடிந்தது, அக்கா. இனி நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் கூடப் பிறந்தவள்,
எஸ்தர்